தவக்காலத்தைப் புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

சாம்பல் புதனன்று நெற்றிச் சாம்பல் கலையாமல் எட்டரை மணி ஷிப்டுக்கு ஓடுகிற கண்ணுகளுக்கு, பெருமாநல்லூர்த் தையல் கம்பெனியில் ரொம்ப வருஷம் ஓவர்லாக் மெஷின் மிதித்த ஒரு பெரியவன் சொல்வது.

1. கறியை விடுங்கள், செல்போனைக் குறையுங்கள், நல்லதுதான். ஆனால் விட்டதையே எண்ணிக்கொண்டிருந்தால் வந்ததைப் பார்க்க மாட்டீர்கள். சாம்பல் புதன் முதல் புனித சனி வரை 46 நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்துத்தான் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்றைக்கு முகம் வாட வேண்டாம்.

2. கடவுளின் அன்பை, உங்களுக்குக் கிடைக்கிற இடத்தில் தேடுங்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற ராத்திரியில், மெஷினுக்குத் துணையாக நிற்கிற கைமடிப் பெண் தன் கட்டை முடித்துவிட்டு, நீங்கள் கேட்காமலே உங்கள் கட்டையும் இழுத்துவைத்துப் பிசிறு வெட்டுகிறாள். முடியெல்லாம் பஞ்சு, விரலில் கத்தரிக்கோல் தழும்பு. இதனால் அவளுக்குச் சம்பளம் ஒரு ரூபாய் ஏறாது. ஆண்டவர் உங்களை நினைத்துக்கொண்டார் என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? அவளுக்கு வாய்விட்டு நன்றி சொல்லுங்கள். பிறகு ஆண்டவருக்கு.

3. மெஷின் சத்தத்தில் செபம் வராது என்று சொல்லாதீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் சமையல்கட்டிலும், பின்னாளில் செருப்புத் தைக்கும் பட்டறையிலும்தான் கடவுளோடு பேசிப் பழகினார். நூல் கோன் மாற்றுகிற நேரம் உங்களுக்குப் போதும்.

4. சூப்பர்வைசராகவோ கான்ட்ராக்டராகவோ இருப்பவர்கள் எசாயா 58-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். நோன்பு நாளில் வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறவர்களின் நோன்பைக் கடவுள் ஏற்பதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. சனிக்கிழமைச் சம்பளத்தை இழுத்தடித்தவர், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் பதினான்கு நிலைக்கும் முழந்தாளிட்டு என்ன பயன்? ஒடிசாவிலிருந்து வந்த பையன் காய்ச்சலோடு ரூமில் கிடந்தால், கஞ்சி கொண்டுபோங்கள். அவன் பாஷை தெரியாது என்பது ஒரு காரணமே இல்லை.

5. பங்குனியில் நம்மூர்க் கொண்டத்துக்காளியம்மன் கோயில் குண்டம், அதாவது தீமிதித் திருவிழா, வரும். பெரும்பாலும் நம் தவக்காலத்தை ஒட்டித்தான். பக்கத்து மெஷின்காரர் விரதம் இருந்து வெறுங்காலோடு வருவார். அவரோடு வாதம் வேண்டாம். அவர் எப்படி வாயைக் கட்டுகிறார், கோபத்தை அடக்குகிறார் என்று பாருங்கள். எனக்கு அது ஒவ்வொரு வருஷமும் ஒரு பாடம்.

6. படுக்குமுன் ஐந்து நிமிஷம் அன்றைய நாளைத் திருப்பிப் பாருங்கள். புனித இஞ்ஞாசியார் தம் சபையினருக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் இது. இன்றைக்கு யார் மூலமாக அன்பு வந்தது என்று கேளுங்கள். சிலநாள் ஒன்றுமே தென்படாது. செபம் வறண்டு கிடக்கும். பயப்படாதீர்கள், விட்டும்விடாதீர்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் போய் உங்கள் டிபன் பாக்ஸைத் திறங்கள்.