தூசியும் பனியும் மோட்டார் சைக்கிளும்

கோலார் தங்கவயலில் தாதுக்கல்லை மாவாக அரைத்து, சைனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தனர். மிஞ்சிய மண்ணே சைனைடு மேடுகள். சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. மேடுகள் இன்றும் நிற்கின்றன. காற்றடித்தால் அம்மண் எங்கள் ராபர்ட்சன்பேட்டை வீடுகளிலும் வண்டிகளிலும் படிகிறது.

இத்தூசியில் குவார்ட்சு மிகுதி. மோஸ் அளவில் அதன் கடினம் 7. வண்ணப்பூச்சோ மிக மென்மையானது. ஆகவே, உலர்ந்த துணியால் வண்டியைத் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

மார்கழிப் பனி மற்றொரு பகை. திறந்த வானின்கீழ் நிற்கும் இரும்பு இரவில் வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்கிறது. அதன்மேல் பனிநீர் படிகிறது. தூசி அந்நீரை எளிதில் உலரவிடாது. இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடினால் துருவே.

நான் கையாளும் முறை இது:

1. எஞ்சின் ஆறியபின், முதலில் நீரூற்றித் தூசியைக் கழுவுக. பிறகே சோப்பு நீரும் மென்துணியும்.

2. சங்கிலியை மண்ணெண்ணெய் தோய்ந்த பிரஷால் துலக்கித் துடைத்து, கியர் ஆயில் இடுக. மிகுந்த எண்ணெயைத் துடைத்துவிடுக. இன்றேல் தூசி ஒட்டிச் சங்கிலியை அரைக்கும். பிரேக்கில் எண்ணெய் படலாகாது.

3. கழுவியபின் மெதுவாக ஓட்டி, பிரேக்கைச் சிலமுறை அழுத்தி உலர்த்துக.

4. இரவில் கூரையின்கீழ் நிறுத்துக. பாலித்தீன் உறையால் இறுக மூடினால் ஈரம் உள்ளே தங்கும்.

நண்பர்களே, உலர்ந்த தூசியைத் தட்டிப் பறக்கவிடாதீர். சுரங்கத் தொழிலாளர் பலரின் நுரையீரலைச் சிலிக்கோசிஸ் நோயால் அழித்தது இக்கல்லின் தூசியே. பாறையைத் துளையிடும்போது நீர் பாய்ச்சுவதும் அதை அடக்கவே. வண்டிக்கும் நமக்கும் விதி ஒன்றே: முதலில் நனைத்தல், பிறகே துடைத்தல்.