வழித்துணை

மதுரையை அடுத்த திருமோகூரில் எழுந்தருளியிருக்கும் காளமேகப் பெருமாளுக்கு ஆப்தன் என்றும் வழித்துணைப் பெருமாள் என்றும் திருநாமங்கள் உண்டு. நம்மாழ்வார் தம் கடைசி யாத்திரைக்கு அப்பெருமானையே துணையாகப் பற்றினார் என்பது பெரியோர் நிர்வாஹம். பரமபதத்திற்குப் புறப்படும் ஆழ்வாரே துணை தேடினார் என்றால், பழகிய ஊரை விட்டு உத்ஸவ ஸேவைக்குப் புறப்படும் நமக்கு நெஞ்சில் ஒரு கலக்கம் பிறப்பதில் வியப்பில்லை. இரவு எங்கே தங்குவது, கூட்டத்தில் குழந்தை கைநழுவினால் என்ன செய்வது, உடல் நலிந்தால் யாரைக் கேட்பது என்ற கவலைகள் யாத்திரிகர் யாவர்க்கும் பொது. இக்கலக்கத்துக்கு நம் ஆசார்யர்களின் சரித்திரம் மருந்து சொல்லுகிறது.

1017ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த இளையாழ்வார், யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். வேத வாக்யங்களுக்குச் சீடர் கூறிய பொருள் குருவுக்குப் பொறாமையை விளைத்தது. கங்காஸ்நானம் என்ற பெயரில் அவரை அழைத்துச் சென்று, வழியில் உயிருக்கே தீங்கு செய்ய உடன்வந்தோர் சிலருடன் சூழ்ச்சி செய்தார். சிற்றன்னையின் புதல்வரான கோவிந்தர் இதை அறிந்து விந்தியாடவியில் இரகசியமாக எச்சரித்தார். கூட்டத்தை விட்டு விலகிய இளையாழ்வார், திக்குத் தெரியாத காட்டில் பொழுது சாயும் வேளையில் தனியராய் நின்றார்.

அப்போது ஒரு வேடனும் வேடுவச்சியும் எதிர்ப்பட்டு, தாங்களும் தெற்கே செல்வதாகக் கூறி உடன் நடந்தார்கள். இரவில் வேடுவச்சி தாகமென்றாள். விடிந்ததும் இளையாழ்வார் அருகிலிருந்த கிணற்றில் இறங்கிக் கைகளால் நீர் முகந்து மும்முறை கொடுத்தார். மீண்டும் முகந்து வந்து பார்த்தால் இருவரையும் காணோம். அங்கு வந்தோரை இது எந்த இடம் என்று வினவ, அவர்கள் புண்யகோடி விமானத்தைக் காட்டி, காஞ்சியை அறியீரோ என்றார்கள். வந்தவர்கள் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே என்று அவர் தெளிந்தார். அதுவே செவிலிமேட்டுச் சாலைக்கிணறு. பின்னர் திருக்கச்சிநம்பிகளின் சொற்படி அக்கிணற்றிலிருந்தே நாள்தோறும் பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்து கைங்கர்யம் செய்தார்.

இச்சரித்திரத்தில் ஊன்றி நோக்கவேண்டியவை இரண்டு. ஒன்று, தீங்கு நினைத்தோர் சாஸ்த்ரம் கற்றவர். துணை வந்தவரோ வேடர் வடிவினர். ஆகவே உருவத்தையும் உடையையும் குலத்தையும் கொண்டு ஒருவரை அளப்பது பெரும் பிழை. மற்றொன்று, துணையாக வந்தவர் தண்ணீர் கேட்டார். பயந்தவனுக்கு ஆறுதல் சொல்வதைவிட, அவன் கையால் ஒரு பணி கொள்வது உயர்ந்த உபகாரம். பிறர் தாகத்தை எண்ணியபோது அவருக்குத் தம் பயத்தை எண்ண இடமில்லாது போயிற்று.

வந்தவர் பெருமாள் ஆதலால் அவ்விதம் செய்தார், மானிடரால் ஆகுமோ என்று சிலர் கேட்கலாம். அதற்கும் அவர் சரித்திரமே விடை தருகிறது. பிற்காலத்தில் சோழமன்னனால் நேர்ந்த இடரை முன்னிட்டு உடையவர் மேல்நாட்டுக்குச் சென்றபோது, மழையிலும் குளிரிலும் வாடிய கோஷ்டிக்கு மலைக்காட்டு வேடர்கள் தீ மூட்டிக் குளிர் தீர்த்து, தேனும் தினையும் அளித்தார்கள். முன்பு பெருமாள் வேடராய் வந்து செய்ததைப் பின்பு வேடர்கள் தாமே செய்தார்கள். வழியில் வாடினவர்க்கு இரங்குகிற கை எவருடையதாயினும் அது பகவானுடைய கையே.

திருக்கோவலூர் இடைகழியையும் நினைக்கவேண்டும். மழையிரவில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும்படியான சிறிய இடம் அது. படுத்திருந்தவர் எழுந்தார், பின்னர் இருந்த இருவரும் நின்றார்கள். முன்பின் அறியாதவர்க்காகத் தம் சௌகர்யத்தைச் சிறிது குறைத்துக்கொண்ட அம்மூவரின் நெருக்கத்திலேயே எம்பெருமான் நான்காமவனாய் வந்து புகுந்தான்.

ஆகையால் உத்ஸவத்துக்கு வந்திருக்கும் அன்பர்களே! கலக்கமுற்றால் கூசாமல் அருகிலிருப்போரைக் கேளுங்கள். சரணாகதியின் அங்கங்களுள் தன் இயலாமையை உணர்தலும், காக்கவேண்டும் என்று வேண்டுதலும் அடங்கும். எம்பெருமானிடமே வாய்திறந்து வேண்டும் நமக்கு அடியார்களிடம் கேட்பதில் என்ன குறை? பிறர் கலங்கி நிற்கக் கண்டால், அவர்கள் கேட்குமுன் நீங்களே கேளுங்கள். மண்டபத்தில் ஒரு முழம் இடம் விடுதல், முதியவரைக் கைபிடித்து ஸந்நிதிக்கு அழைத்துச் செல்லுதல், வழிதவறிய குழந்தையின் அருகில் பெற்றோர் வரும்வரை நிற்றல், ஒரு குவளை தீர்த்தம் கொடுத்தல் ஆகிய இவையும் திருவாராதனத்தில் சேர்ந்தவையே.

செவிலிமேட்டில் ஆண்டுதோறும் நடைபெறும் அனுஷ்டான குள உத்ஸவத்தில் பேரருளாளன் வேடர் திருக்கோலம் கொண்டருளுகிறான். அத்திருக்கோலத்தைக் கண்டு கைகூப்புகிற நாம், பக்கத்தில் வழியறியாது நிற்பவரைக் காணாது போகலாகாது. வீதியில் எழுந்தருளும் பெருமாளை ஸேவித்தபின், திரும்பும் வழியிலும் அவனை ஸேவிக்க நமக்கு வாய்ப்புண்டு.

சுபம்.