குவாண்டம் செய்தியும் தொலைவிலுள்ள கணிப்பொறிகளும்

பல இடங்களிலுள்ள கணிப்பொறிகள் ஒரு வேலையைப் பங்கிட்டுச் செய்வது பகிர்வுக் கணிப்பு எனப்படும். இதில் கணக்கிடுவதைக் காட்டிலும் செய்திப் பரிமாற்றமே பெருஞ்சுமையாக அமைவதுண்டு.

தெற்கு அந்தமானில் மத்திய தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள கராச்சர்மாவில் ஒரு கணிப்பொறியும், சென்னையில் மற்றொன்றும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் தன் ஊரின் 10,000 நாள் மழைக்குறிப்பை வைத்துள்ளது. ஈரிடத்தும் ஒருங்கே கனமழை பெய்த நாள் ஒன்றேனும் உண்டா என்பது வினா. சாதாரண முறையில், நாளுக்கு ஒரு பிட் வீதம், 'ஆம்' அல்லது 'இல்லை' என 10,000 பிட்டுகளை ஓரிடத்திலிருந்து அனுப்புதல் வேண்டும். நாள்கள் பெருகினால் சுமையும் அதே விகிதத்தில் பெருகும்.

குவாண்டம் பிட்டுகள் சிலவற்றைக் கொண்டு எல்லா நாள்களின் எண்களையும் ஒருங்கே மேற்பொருந்திய நிலையில் அமைக்கலாம். அந்நிலையை இரு கணிப்பொறிகளும் மாறிமாறி அனுப்பிக்கொண்டால், பொதுவான நாளின் எண் படிப்படியாக மேலோங்கும். இம்முறையில் சுமை, நாள்களின் எண்ணிக்கையினது வர்க்கமூலத்தை ஒட்டியே வளரும் என 1998இல் பூர்மன், கிளீவ், விக்டர்சன் ஆகியோர் காட்டினர். நாள்கள் 100 மடங்கானால் சுமை 10 மடங்கை ஒட்டியே உயரும்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. குவாண்டம் செய்தியும் ஒளியின் வேகத்தை மீறாது. ஒளியிழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 இலட்சம் கி.மீ. செல்லும். இடைத்தூரம் 1,400 கி.மீ. எனக் கொண்டால், ஒருமுறை சென்று திரும்ப 14 மில்லி வினாடி ஆகும். சாதாரண முறைக்கு ஒருமுறை சென்று திரும்புதலே போதும். குவாண்டம் முறைக்கோ ஏறத்தாழ 80 முறை தேவை. அதற்கு ஒரு வினாடிக்கு மேல் ஆகும். ஆகவே செய்தியின் அளவு குறையுமேயன்றிக் காத்திருக்கும் காலம் குறையாது.

மற்றொரு தடையும் உண்டு. 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கிவைக்கப்பெற்ற சென்னை–அந்தமான் கடலடி ஒளியிழை வடத்தில், மங்கும் ஒளியை இடையிடையே பெருக்கிகள் வலுப்படுத்துகின்றன. நல்ல ஒளியிழையிலும் 15 கி.மீ.க்கு ஒருமுறை ஒளி பாதியாகக் குறைவதே இதற்குக் காரணம். அறியப்படாத குவாண்டம் நிலையைப் படியெடுக்க இயலாதென 1982இல் நிறுவப்பட்டது. எனவே அப்பெருக்கிகள் இதற்கு உதவா. குவாண்டம் நினைவகம் கொண்ட இடைநிலையங்கள் தேவை. 2023 ஏப்ரலில் ரூ. 6,003.65 கோடியில் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கத்தின் குறிக்கோள்களுள் அத்தகைய நினைவகமுள்ள வலையமைப்பும் ஒன்றாகும்.

குவாண்டம் முறையை விளக்குவோர் அதனை 'விரைவு' எனக் கூறாது, 'செய்திச் சிக்கனம்' எனக் கூறுதலே பொருத்தமாகும்.