காலாவதியான சோதனையும் தீர்ந்துபோன பேட்டரியும்

கேள்வி: ஐயா, குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறேன். எம்.ஐ.டி. மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கல்யாணப் பத்திரிகை, கடைக் கணக்கு எல்லாமே ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. 2010-இல் பாஸ் லினக்ஸ் போட்டது. பிறகு புதுப் பதிப்பு ஏற்றினோம், மதர்போர்டும் மாற்றினோம். ஹார்ட் டிஸ்க்கும் அதில் ஃபைல்கள் இருக்கும் பார்ட்டிஷனும் மட்டும் அதேதான். மாதத்தில் ஒரு நாள் காலையில் டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இது போதாதென்று, இப்போது தினமும் கடை திறந்ததும், கடைசியாக எழுதிய நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி காட்டி நின்றுவிடுகிறது. 'ஒய்' தட்டினால்தான் நகர்கிறது. இரவு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இதெல்லாம் பழைய காலத்துச் சோதனை, லினக்ஸ்காரர்களே எடுத்துவிட்டார்கள், எஃப்எஸ்டேப் ஃபைலில் ஓர் எண்ணைப் பூஜ்ஜியம் ஆக்கினால் மொத்தமும் நின்றுவிடும் என்கிறான் என் தம்பி. செய்யலாமா?
— ஒரு வாசகர், ராதா நகர், குரோம்பேட்டை

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி. ஆனால் அவர் காட்டும் வழி வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டர் செய்பவை இரண்டு வெவ்வேறு சோதனைகள். மாதாமாதம் வருவது உண்மையிலேயே காலாவதியானது, இன்றைக்கே நிறுத்திவிடலாம். தினமும் வருவது உண்மையைச் சொல்கிறது. அதன் வாயை அடைக்காமல், அது காட்டும் கோளாறைச் சரிசெய்யுங்கள்.

முதலில் மாதாந்திரச் சோதனை. 2010-இல் லினக்ஸ் பார்ட்டிஷனை உருவாக்கிய கருவி, அதன் தொடக்கத்தில் இருக்கும் சூப்பர்பிளாக்கில் இரண்டு வரம்புகளை எழுதிவைக்கும். இத்தனை முறை மவுன்ட் ஆனால் (பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்டால்) முழுச் சோதனை என்பது ஒன்று, 180 நாள் கடந்தால் முழுச் சோதனை என்பது இன்னொன்று. எல்லாப் பார்ட்டிஷனும் ஒரே காலையில் சோதனைக்கு வந்து நிற்காதபடி, முதல் எண்ணை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாகத் தேர்ந்தெடுக்கும். அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சென்னை சிடாக் உருவாக்கி 2007-இல் வெளிவந்த பாஸ், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அதனால் இந்த வழக்கமும் கூடவே வந்தது. (பாஸுக்குப் பின்னால் இருந்த திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய மையத்தை 2005-இல் சிடாக்கோடு சேர்ந்து தொடங்கியது, உங்கள் ஊர் எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையம். குரோம்பேட்டைக்காரர்கள் பலருக்கே இது தெரியாது.)

அந்த வரம்புகளுக்கு நியாயமான காரணம் இருந்தது. பழுதான கேபிள், கெட்ட ரேம், கெர்னலில் உள்ள பிழை இவையெல்லாம் டிஸ்க்கில் உள்ளதைச் சத்தமில்லாமல் கெடுக்கும். யாராவது அவ்வப்போது முழுதாகப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் டிஸ்க்குகள் பெருத்துவிட்டன, சோதனை நிமிடங்களிலிருந்து மணிக்கணக்கானது. 2001-இல் இஎக்ஸ்டி3 என்ற ஃபைல் சிஸ்டம் வழியாக ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) வந்த பிறகு, கரன்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து சில நொடிகளில் சரிசெய்துகொள்ள முடிகிறது. அவசரமாக ஒரு வேலை இருக்கும் காலையில், கேட்காமலே வந்து உட்காரும் சோதனையை யாரும் விரும்பவில்லை. 2011-இல் வெளியான, இந்தக் கருவிகள் அடங்கிய இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் தொகுப்பின் 1.42 பதிப்பிலிருந்து, புதிதாக உருவாக்கும் பார்ட்டிஷன்களுக்கு இந்த வரம்புகளை எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள்.

'புதிதாக' என்பதைக் கவனியுங்கள். உங்கள் பார்ட்டிஷனின் வரம்பு மென்பொருளில் இல்லை, டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது. லினக்ஸை எத்தனை முறை புதுப்பித்தாலும் அது அங்கேயே இருக்கும். டியூன்2எஃப்எஸ் என்ற கட்டளையால் இரண்டு வரம்புகளையும் பூஜ்ஜியம் ஆக்குங்கள். ஒரு நிமிட வேலை. அதற்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கடைக்கு விடுமுறையான நாளில், பார்ட்டிஷனை அன்மவுன்ட் செய்துவிட்டு நீங்களே முழுச் சோதனையை ஓட்டுங்கள்.

இனி தினமும் வரும் செய்தி. காலையில் பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். 2014 என்றோ 2016 என்றோ இருக்கும் என்று நினைக்கிறேன். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மெயினை அணைத்ததும் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடுகிறது. பகலில் இன்டர்நெட் வழியாக நேரம் சரியாகிறது, கடையை மூடும்போது சூப்பர்பிளாக்கில் சரியான தேதி பதிவாகிறது. மறுநாள் காலையில் அதைப் பார்க்கும் இ2எஃப்எஸ்செக் என்ற சோதனைக் கருவிக்கு அது எதிர்காலமாகத் தெரிகிறது. பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியைச் சரியாக வையுங்கள். செய்தி வராது.

இந்தச் சோதனையிலும் நம் நாட்டைப் போல உலகப் பொது நேரத்துக்கு முன்னே இருக்கும் இடங்களில் வரும் ஒரு பொய் எச்சரிக்கை இருந்தது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கம்ப்யூட்டர்களில், விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் இந்திய நேரத்தை வைக்கும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டால், ஐந்தரை மணி நேரம் முன்னே போய்விடும். பிறகு கடிகாரம் திருந்தியதும், முன்பு எழுதிய நேரம் எதிர்காலம் ஆகிவிடும். டிஸ்க்கில் எந்தக் குறையும் இருக்காது. அதனால் சோதனையை நீக்காமல் தளர்த்தினார்கள். 24 மணி நேரத்துக்குள் உள்ள வித்தியாசத்தைக் கருவி இப்போது பெரிதுபடுத்துவதில்லை. உங்களுடையது மணிக்கணக்கில் அல்ல, வருடக்கணக்கில் உள்ள வித்தியாசம்.

இதே இ2எஃப்எஸ்செக்கின் நிரலில் இன்னொரு வரியும் உண்டு. கடிகாரம் 2010 ஜனவரி 1-க்கு முந்தைய தேதியைக் காட்டினால், கடிகாரமே சரியில்லை என்று முடிவுசெய்து நேரச் சோதனைகளை விட்டுவிடும். நல்ல யோசனைதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த பல மதர்போர்டுகள் பேட்டரி போனால் 2010-ஐத் தாண்டிய தேதியில்தான் விழிக்கின்றன, அவற்றை அந்த வரி பிடிக்காது. என்னைக் கேட்டால், உண்மையில் நாள்பட்டுப்போனது இந்த எண். வரியை வைத்துக்கொண்டு தேதியை மட்டும் முன்னே நகர்த்த வேண்டும்.

பழுதுபார்க்கும் கருவியிலிருந்து ஒரு சோதனையை எடுப்பது மற்ற மென்பொருளில் எடுப்பதைவிடக் கடினம். உங்களுடையதைப் போன்ற பதினைந்து வருட டிஸ்க்கும் அதனிடம்தான் வரும். உதாரணமாக, எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தின் பழைய நான்காம் வடிவத்தைக் கெர்னலிலிருந்து நீக்கும் காலத்தை 2030 செப்டம்பர் என்று 2020-லேயே குறித்துவிட்டார்கள். டிஸ்க் வைத்திருப்பவர்களுக்குப் பத்து வருட அவகாசம். மறுபக்கம், பழைய சோதனையைத் தொடாமல் விடுவதிலும் ஆபத்து உண்டு. இஎக்ஸ்டி3-க்கு முந்தைய இஎக்ஸ்டி2-இல் ஃபைல்களைச் சுருக்கி வைக்கும் வசதிக்காகச் சில பிட்டுகளை ஒதுக்கியிருந்தார்கள். அந்த வசதி அதிகாரபூர்வக் கெர்னலுக்குள் வரவே இல்லை. சுருக்குவதில் பிழை என்று குறிக்க வைத்திருந்த பிட், 2015-இல் இஎக்ஸ்டி4-இன் என்கிரிப்ஷனுக்குப் போனது. பழைய அர்த்தத்திலேயே அந்த பிட்டைப் பார்க்கும் சோதனை ஒன்று மிச்சமிருந்தால், நல்ல ஃபைலைக் கெட்டதென்று சொல்லியிருக்கும். நல்லவேளையாக, தனக்குத் தெரியாத வசதியுள்ள பார்ட்டிஷனைப் பழைய கருவி தொடாது, புதிய பதிப்பைக் கொண்டுவா என்று ஒதுங்கிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு சோதனை. பழைய கெர்னல்கள் 1970-க்கு முந்தைய தேதிகளை 2310-க்குப் பிந்தைய தேதிகளாகத் தவறாக எழுதிவிட்டன. அதைத் திருத்தும் சோதனையைச் சேர்த்தவர், இது 2242 வரைக்கும்தான் என்று நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தார். அதற்குப் பிறகு அது தானாகவே நின்றுவிடும். ஏன் இருக்கிறது, எதுவரை வேண்டும் என்று ஒவ்வொரு சோதனையும் இப்படிச் சொல்லிவிட்டால், பின்னால் வருபவர்கள் பயமில்லாமல் நீக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது, தினமும் தட்டும் அந்த 'ஒய்'. பழகிய கை படிக்காமல் தட்டும். ஒரு நாள் அதே இடத்தில், இரண்டு ஃபைல்கள் ஒரே பிளாக்கைக் கேட்கின்றன, என்ன செய்யட்டும் என்ற கேள்வி வரலாம். அதற்கும் 'ஒய்' போய்விடும். பொய் எச்சரிக்கைகளை நீக்க வேண்டும் என்று நான் வாதாடுவது நேரம் மிச்சமாவதற்காக மட்டும் அல்ல, இதற்காகவும்தான்.

ஆன் ஆகும்போது பார்ட்டிஷனைச் சோதிக்கலாமா என்று சொல்லும் எஃப்எஸ்டேப் எண்ணில் பூஜ்ஜியம் ஏன் வேண்டாம்? ஃபைல் சிஸ்டத்தில் பிழை கண்டால் கெர்னல் சூப்பர்பிளாக்கில் ஒரு குறி வைக்கும். அடுத்த முறை ஆன் செய்யும்போது அந்தக் குறியைப் பார்த்து இ2எஃப்எஸ்செக் முழுச் சோதனை செய்யும். மாதாந்திர வரம்பை நிறுத்தினாலும் இது நடக்கும். எஃப்எஸ்டேப்பில் பூஜ்ஜியம் போட்டால் இதுவும் நடக்காது.

முழுச் சோதனையை ஓட்டும் நாளில் யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். பழுதுபார்ப்பு பாதியில் அறுந்தால் மீட்கவே முடியாத சேதம் வரலாம் என்று 2018-இல் ஃபாஸ்ட் மாநாட்டில் வந்த ஓர் ஆய்வு, இ2எஃப்எஸ்செக்கையும் எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரையும் வைத்தே காட்டியிருக்கிறது. முதலில் எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்யும் முறையில் ஓட்டுங்கள், என்ன சொல்கிறது என்று படியுங்கள்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் பேக்கப் எடுங்கள். 2010-ஆம் ஆண்டு டிஸ்க்கை நம்பிக் கடை நடத்த முடியாது. புது டிஸ்க் வாங்கும்போது, சர்வீஸ்காரர் பழைய பார்ட்டிஷனை அப்படியே குளோன் செய்து தருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள், பழைய வரம்புகளை இன்னும் பூஜ்ஜியம் ஆக்காமல் இருந்தால் குளோனோடு அவையும் வந்துவிடும். புதிதாக இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபைல்களை மட்டும் காப்பி செய்யச் சொல்லுங்கள்.