வலிப்பு வந்த பிள்ளைக்கு அரிப்பு மருந்து: கொடுக்கும் முன் கேளுங்கள்

பகலில் பேரப்பிள்ளையை நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். கொசு கடித்தோ வேர்க்குரு வந்தோ பிள்ளை சொறிந்து அழுகிறது. போன மாதம் சளிக்கு வாங்கிய சிரப் வீட்டில் இருக்கிறது. பிள்ளைக்கு முன்பு ஒருமுறையாவது வலிப்பு வந்திருந்தால், அது காய்ச்சலோடு வந்த வலிப்பாக இருந்தாலும், அந்த மருந்தைக் கொடுக்கும் முன் மருத்துவரை அல்லது மருந்தாளரைக் கேளுங்கள்.

அரிப்புக்கான மாத்திரையும் சிரப்பும் பெரும்பாலும் ஆன்டிஹிஸ்டமின் வகையைச் சேர்ந்தவை. குளோர்பெனிரமின், புரோமெத்தசின், டைஃபென்ஹைட்ரமின், ஹைட்ராக்சிசின் ஆகியவை பழைய வகை; கீட்டோட்டிஃபெனும் தூக்கம் தரக்கூடியது. இவை மூளைக்குள் எளிதில் செல்கின்றன; தூக்கம் வருவது அதனால்தான். மூளையில் உள்ள ஹிஸ்டமின் நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது, வலிப்பை அடக்கவும் உதவுகிறது. அதன் வேலையைத் தடுத்தால், சில பிள்ளைகளுக்கு வலிப்பு எளிதில் வரலாம். மருந்து குடித்த பிள்ளை தூங்கிவிட்டால் அரிப்பு தீர்ந்தது என்று நினைக்கிறோம். தூக்கம் மருந்தின் பக்கவிளைவாகவும் இருக்கலாம்.

லொராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புதிய வகை மூளைக்குள் குறைவாகவே செல்கின்றன. செட்டிரிசினும் புதிய வகைதான். ஆனாலும், வலிப்பு உள்ளவர்கள் அதைக் கவனத்துடன் பயன்படுத்த வேண்டும். எந்த மருந்து, எத்தனை மில்லிலிட்டர் என்பதைப் பிள்ளையின் வயதையும் எடையையும் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். சளி, இருமல் சிரப்புகள் பலவற்றில் பழைய வகை கலந்திருக்கும். அரிப்பு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு கூடிவிடும். வழக்கமான வலிப்பு மருந்தை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சித் தடவுவது நம் வீடுகளில் பழக்கம். இந்தப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். கற்பூரம் வலிப்பைத் தூண்டக்கூடியது. தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். கற்பூரம் கலந்த தைலங்களுக்கும் இது பொருந்தும்.

அரிப்புள்ள இடத்தில் குளிர்ந்த ஈரத் துணியை வையுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். பருத்தி உடை போடுங்கள். எக்ஸிமா இருந்தால், வெதுவெதுப்பான நீரில் சீக்கிரமாகக் குளிப்பாட்டி, உடனே ஈரப்பதக் களிம்பைத் தாராளமாகப் பூசுங்கள். எக்ஸிமா அரிப்புக்கு ஆன்டிஹிஸ்டமின் பெரிதாக உதவுவதில்லை.

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி கொடுப்பதால் பயனில்லை. வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, மூச்சுத் திணறினாலோ, உதடும் முகமும் வீங்கினாலோ 995ஐ அழையுங்கள். கொடுத்த மருந்தின் புட்டியை உதவிக்கு வருபவர்களிடம் காட்டுங்கள்.