ஒளிரும் பாதுகாப்பு அங்கி: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

சில வருடங்களுக்கு முன் எங்கள் கட்டடப் பொருள் களஞ்சியத்தில் நடந்த ஒரு சம்பவத்துடன் ஆரம்பிக்கிறேன். மஃரிபுக்குச் சற்று முந்திய நேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. சீமெந்து ஏற்றி வந்த லொறி பின்னோக்கி வர, அதன் பின்னால் எங்கள் ஊழியர் ஒருவர் குனிந்து பலகைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். கிளீனர் பையன் கத்தியதால் ஒரு முழ இடைவெளியில் லொறி நின்றது. இறங்கி வந்த சாரதி நடுங்கிப்போய், "நானா, ஆள் நின்றது தெரியவே இல்லை" என்றார்.

இத்தனைக்கும் அந்த ஊழியர் மஞ்சள் அங்கி அணிந்திருந்தார். அதை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். விலை குறைவானதைப் பார்த்து வாங்கி, முதுகு நிறையக் கடையின் பெயரையும் அச்சிட்டிருந்தேன். வெயிலிலும் சலவையிலும் நிறம் வெளிறி, பட்டி உரிந்து, அது வெறும் துணியாகியிருந்தது. அதன் பிறகே இவ்விடயத்தை முறையாகப் படித்தேன்.

இரண்டு பகுதி, இரண்டு வேலை

அங்கியின் ஒளிரும் துணி, சூரிய ஒளியிலுள்ள புறவூதாக் கதிர்களை உள்வாங்கிக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியாக வெளியிடுகிறது. எனவே பகலிலும் அந்தியிலும் மழை மூட்டத்திலும் அது பளிச்சிடும். இருட்டில் அதனால் பயனில்லை. அப்போது உதவுவது வெள்ளிநிறப் பட்டி. அதிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள் வாகன வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் சாரதியின் கண்ணுக்கு ஆள் தெரிகிறார். இரண்டில் ஒன்று பழுதானாலும் பாதிப் பாதுகாப்புப் போய்விடும்.

எந்த வகுப்பு?

ஈ.என். ஐ.எஸ்.ஓ. 20471 என்ற தரம் 2013இல் வெளியானது. அது இவ்வாடைகளை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஒளிரும் துணி முதலாம் வகுப்பில் குறைந்தது 0.14 சதுர மீற்றரும், இரண்டாம் வகுப்பில் 0.50உம், மூன்றாம் வகுப்பில் 0.80உம் இருக்க வேண்டும். பட்டியின் அகலம் 50 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. லொறிகள் வந்துபோகும் களஞ்சியத்துக்கு இரண்டாம் வகுப்பையே நான் தெரிவு செய்தேன். வேகமாக வாகனம் ஓடும் வீதியில் வேலை செய்வோருக்கு மூன்றாம் வகுப்பு வேண்டும். கையில்லாத அங்கி மட்டும் அதற்குப் போதாது. பட்டியுள்ள கையோ முழுக் காற்சட்டையோ அவசியம். 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும் என்பதை நினைத்தால் காரணம் புரியும்.

கடையில் பார்க்க வேண்டியவை

நிறம்: வேலையிடத்தின் பின்னணிக்கு மாறான நிறமே பொருத்தம். செங்கல், செம்மண் உள்ள இடத்துக்கு மஞ்சள். வயல், தோட்டப் பச்சைக்குச் செம்மஞ்சள்.

லேபல்: தரம், வகுப்பு, எத்தனை சலவை தாங்கும் என்பவை குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அளவு: தொளதொளவென்று இருந்தால் இயந்திரத்தில் சிக்கும். இறுக்கமாக இருந்தால் நமது வெக்கையில் ஊழியர் கழற்றி வைத்துவிடுவார். திறந்து கிடக்கும் அங்கியின் முன்பக்கப் பட்டியாலும் பயனில்லை.

வேலை: ஒட்டு வேலை செய்பவருக்குச் சாதாரண பொலியெஸ்டர் அங்கி ஆபத்தானது. தீப்பொறி பட்டால் உருகி உடலில் ஒட்டும். அவருக்குத் தீ எளிதில் பற்றாத துணி தேவை.

அச்சு: பெரிய எழுத்தில் கடைப் பெயர் போட்டால் ஒளிரும் பரப்பு அந்தளவுக்குக் குறையும். நெஞ்சில் சிறிதாகப் போடுங்கள்.

அங்கி மட்டும் போதுமா?

போதாது. ஆட்கள் நடக்கும் வழியையும் வாகன வழியையும் பிரிப்பதும், பின்னோக்கி எடுக்கும்போது வழிகாட்ட ஒருவரை நிறுத்துவதும், நல்ல மின்விளக்குப் போடுவதுமே முதலில் செய்ய வேண்டியவை. அங்கி கடைசி அரண். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது ஏற்படும் விபத்துக் காயத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் அன்று லொறி நிற்காதிருந்தால், அந்த ஊழியரின் பிள்ளைகளுக்கு எந்த நட்டஈட்டால் ஈடு செய்திருப்பேன்?

இன்றிரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் ஊழியர்களின் அங்கிகளை இருட்டில் தொங்கவிட்டு, இருபது அடி தள்ளி நின்று, டோர்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். புதிய அங்கி ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மங்கலாகத் தெரிவதை மறுநாள் யாருக்கும் கொடுக்காதீர்கள்.