ஆடைப் பரிமாற்றம்

உணவுக்கு அடுத்தபடியாக மக்களுக்கு இன்றியமையாதது உடை. அவ்வுடையே இன்று சிற்றூர்களிலும் குப்பையாகக் குவிந்து வருகிறது. முன்னாளில் மூத்த பிள்ளை உடுத்தியது இளைய பிள்ளைக்கு வந்தது, நைந்த நூல் சேலை குழந்தைக்குத் தூளியாயிற்று, பின்னர்க் கரித்துணியாயிற்று, முடிவில் மண்ணோடு மண்ணாயிற்று. இப்பொழுதோ மலிவான செயற்கை இழை ஆடைகள் வாரச்சந்தை வரையில் வந்துவிட்டன. பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் பாலியெஸ்டர் எளிதில் மக்குவதில்லை. வடிகாலில் எறிந்தால் நீரை அடைக்கிறது. போகியன்று கொளுத்தினால் நச்சுப்புகையாகிறது.

பருத்தி ஆடையை வீணாக்குவதும் சிறிய இழப்பன்று. பஞ்சு விளைவது முதலாக ஒரு பருத்திப் பனியன் சட்டை உருவாவதற்குச் சுமார் 2,700 லிட்டர் நீர் செலவாகிறதென மதிப்பிட்டுள்ளனர். தருமபுரி மாவட்டத்தார்க்கு நீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்தமையாலன்றோ காவிரி நீரைக் குழாய்வழியே கொணர வேண்டியதாயிற்று! ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயனுக்கு வந்ததும் அதன் பொருட்டே.

பயனுள்ள ஆடையைப் பயன்படுத்துவோரிடம் சேர்ப்பது எங்ஙனம்? பழந்துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் வணிகரை நாம் அறிவோம். அதுபோன்றதொரு பண்டமாற்றை ஊரார் தம்முள்ளேயே செய்துகொள்ளலாம். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. கொடுப்போர் என்றும் ஒரு சாரார், பெறுவோர் என்றும் மற்றொரு சாரார் என்றாகுமிடத்து அது பரிமாற்றமன்று, இரவலேயாகும். மானமுள்ள ஏழை அங்கு வாரான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941 ஜூன் முதல் நாளன்று, பிரிட்டனில் ஆடைப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. வளரும் குழந்தைகளுக்கு உடை கிடைப்பது அரிதாயிற்று. அப்பொழுது அந்நாட்டு மகளிர் தொண்டர் அமைப்பினர் குழந்தை ஆடைப் பரிமாற்ற நிலையங்களை நடத்தினர். தாய் கொணர்ந்த ஆடைகளுக்குப் புள்ளிகள் இடப்பட்டன. அப்புள்ளிகளுக்கு ஈடாக வளர்ந்த பிள்ளைக்கு ஏற்ற ஆடைகளை அவள் தெரிந்தெடுத்தாள். நம் நாட்டிலும் அன்ஷு குப்தா 1999-இல் தில்லியில் தொடங்கிய கூஞ்ச் நிறுவனம், ஊர்ப்பணி செய்வோர்க்கு அவ்வுழைப்பின் பயனாக ஆடைகளை வழங்கி வருகிறது. அவருக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது. இவ்விரண்டிலும் ஆடை பெறுவோர் தலை தாழ்வதில்லை என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

இதனை நடத்தத் தக்கவர் நம் மகளிர் சுய உதவிக் குழுவினரே. தமிழ்நாட்டில் 1989-இல் சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் இக்குழுக்கள் முதன்முதல் அமைக்கப்பெற்றது தருமபுரி மாவட்டத்தில்தான். சேமிப்புக் கணக்கைப் பிழையற எழுதும் அம்மகளிர்க்கு ஆடைக் கணக்கு அரிதன்று. அவர்கள் கைக்கொள்ளத்தக்க முறை வருமாறு:

1. நவம்பர் முதல் நாள் கிராமசபையில் செய்தியை அறிவிக்க வேண்டும். போகிக்கு முந்தைய ஞாயிறு பரிமாற்ற நாளாகட்டும். ஊரின் எல்லாத் தெருவினரும் வந்து செல்லத்தக்க பொது இடத்தையே தேர்தல் வேண்டும்.

2. நன்கு துவைத்து உலர்த்திய ஆடைகளையே ஏற்க வேண்டும்.

3. குழந்தை உடைக்கு 1 சீட்டு, வேட்டி சேலைக்கு 2, கம்பளி உடைக்கு 3 என மதிப்பிடலாம். ஆடையை எவர் தந்தார் என்பதைக் குறித்தல் கூடாது.

4. கொணர ஆடை இல்லாதவர், பொத்தான் தைத்தல், கிழிசல் தைத்தல், அளவுவாரியாக அடுக்குதல் ஆகிய பணிகளில் ஒரு மணி நேரம் ஈடுபட்டு 2 சீட்டுகள் பெறலாம்.

5. பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன பள்ளிச் சீருடைகளுக்குத் தனி மேசை வேண்டும். மார்கழிப் பனியில் வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்களில் கம்பளி உடைகள் பெரிதும் பயன்படும்.

6. உடுத்தலாகாத நூல் துணிகளைக் கால்மிதியாகவும் கைப்பிடித் துணியாகவும் தைக்கலாம். எஞ்சிய செயற்கைத் துணிகளைத் தூய்மைக் காவலரிடம் தனியே ஒப்படைக்க வேண்டும், எரித்தலாகாது.

வேட உடைகளைப் பற்றியும் ஒரு சொல். பள்ளி ஆண்டுவிழாவில் ஒரு நாழிகை மேடையேறும் பிள்ளைக்காகக் கூலித் தொழிலாளரும் கடன்பட்டுப் புத்துடை வாங்குவதுண்டு. மறுநாள் அது மூலையில் கிடக்கும். நம் திரௌபதி அம்மன் விழாக்களில் கூத்தாடும் கலைஞர்களைப் பாருங்கள். கிரீடமும் புஜகீர்த்தியும் குழுவின் பெட்டியில் உள்ளவை. இன்று ஒருவர் அணிந்ததை நாளை மற்றொருவர் அணிகிறார். அதனால் துரியோதனனின் மிடுக்கு குறைந்துவிடுகிறதா? பள்ளிதோறும் அத்தகைய வேடப்பெட்டி ஒன்று வைத்து, அண்டை ஊர்ப் பள்ளிகளும் மாற்றிக்கொள்ளுமாயின் பெற்றோரின் சுமை குறையும்.

இதற்குப் பெருமுதல் தேவையில்லை. சில பாய்களும் கயிறுகளும், ஒரு தையல் இயந்திரமும், ஒரு கணக்கேடும் போதும். வரும் போகியில் நம் ஊரில் தீயிலிடத் துணியே இல்லை என்ற நிலையை உண்டாக்க, மகளிர் குழுவினரும் ஊராட்சியினரும் இப்பொழுதே ஒன்றுகூடி ஆவன செய்வார்களாக.